தோல் குடித்த குரல்

பாலாறு மணலாக மட்டும் ஓடுகிற எங்கள் ஊரில், தோல் பதனிடும் டேனரியின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி விஷவாயு அடித்துச் செத்தவன் தாவீது என்பதும், அவன் குடித்துவிட்டுத் தானாக விழுந்தான் என்று மேனேஜர் வரதராஜுலு எழுதிக் கொடுத்தார் என்பதும், பொங்கலானாலும் கிறிஸ்துமஸானாலும் கூடப்பிறந்தவள் கல்யாணமேயானாலும் தாவீது ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்று அந்த மேனேஜருக்கே தெரியும் என்பதும் எல்லோரும் அறிந்த சங்கதி. எல்லோரும் அறிந்திருந்தும் யார் வாயிலிருந்தும் வராத சங்கதியாக அது இருந்ததால், அதைச் சொல்வதற்கு ஒரு போன் வேண்டியிருந்தது.

அது தாவீதின் மனைவி ரோசலினுடைய போன். அதே டேனரியில் தோலின் ஓரம் வெட்டும் பிரிவில் அவளுக்கு வேலை. போனைச் சாப்பாட்டுப் பையில் வைத்துவிட்டுத்தான் மேசைக்குப் போக வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆகவே தாவீது தன் போனில் பேசிப் பதிந்து அனுப்பிய குரல் அவள் காதுக்கு வந்து சேர்ந்தபோது அவன் ஆஸ்பத்திரித் துணிக்குள் சுற்றப்பட்டிருந்தான். "ரோசு, போற வழியில கருவாடு வாங்காத, நான் வாங்கியாறேன். நெத்திலியா சுறாவா, சொல்லு" என்று அவன் கேட்கிறான். அவனுக்குப் பின்னால் மெஷின் உறுமுகிறது. உறுமலுக்குள் இன்னொருவர் ஏதோ சொல்கிறார், சொல் மட்டும் விளங்கவில்லை. "இதோ எறங்கறேன் சார்" என்கிறான் தாவீது, அதோடு பட்டனிலிருந்து அவன் விரல் எடுபட்டுக் குரல் கிளம்பி வந்துவிட்டது. நடுவில் பேசுகிற அந்த ஆள் யார் என்று ரோசலினுக்குத் தெரியும். தெரிவது போதாது, கேட்க வேண்டும் என்றார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி போனைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துக் கேட்டார்.

"காத்துதான்மா கேக்குது. காத்து மேல நான் எப்படி நடவடிக்கை எடுக்கறது?"

"நடுவுல ஒரு ஆளு பேசறாரு சார்."

"தெளிவா இருந்தா கொண்டா, பாக்கலாம்."

அன்று முதல் அந்தக் குரலைத் தெளிவாக்குவது ஊர் வேலை ஆயிற்று. பேச வாயில்லாத ஊர் அந்த வேலையை மட்டும் வெட்கமில்லாமல் ஆசையாகச் செய்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இம்தியாஸ் பாய் முதலில் ஸ்பீக்கர் ஓட்டைகளைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, ஊசி முனையால் நோண்டி, பஞ்சால் ஒற்றி, உள்ளே அடைத்திருந்த தோல் தூசியை எடுத்தார். அதனால் சத்தம் கொஞ்சம் கூடியது, சொல் கூடவில்லை. எவர்சில்வர் டம்ளருக்குள் போனை நிறுத்தி வை என்றார்கள், ரோசலின் வைத்தாள், குரலில் தகரம் ஏறியது. மண்பானைக்குள் வை என்றார்கள், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. சுவர் மூலையில் சுவரைப் பார்த்து வை, உள்ளங்கையைக் குழித்து வை, இட்லிப் பானையில் வை, கவிழ்த்து வை, நிமிர்த்தி வை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சர்ச்சில் பாட்டுக்கு வைத்திருக்கும் பெரிய ஸ்பீக்கரிலும் ஒயர் மாட்டிப் பார்த்தார்கள். உறுமல் மலையளவு பெரிதாகி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, அந்த ஆளின் சொல் மட்டும் மலைக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

டிரம் ஓட்டுகிற நாகபூஷணம்தான் கடைசியில் ஒரு வழி சொன்னார். டேனரியில் தோலைப் போட்டுச் சுற்றுகிற மர டிரம் ஓர் அறை அளவுக்குப் பெரியது. கரண்ட் இல்லாத நாட்களில் வேலையாட்கள் ஒரு போனைக் காலி டிரம்முக்குள் தொங்கவிட்டுப் பாட்டுப் போடுவார்கள். நாலணாப் பெறாத ஸ்பீக்கர்கூட அதற்குள் கச்சேரி வைத்ததுபோல் ஷெட்டு முழுக்கக் கேட்கும். இது எங்கள் ஊரைத் தவிர வேறு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சிட்டு வாம்மா. மேனேஜர் இருக்கமாட்டாரு. டிரம்முல போட்டா செத்தவன்கூட எந்திரிச்சுப் பேசுவான்" என்றவர், சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் டிரம்மின் கதவைத் திறந்து, உள்ளேயிருந்த ஒரு மரக்குச்சியில் போனைக் கட்டித் தொங்கவிட்டார். அடியில் சனிக்கிழமை எண்ணெய் ஏற்றி ஊறவிட்ட ஆட்டுத்தோல் ஒரு முழு லோடு கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், பார்த்தும் டிரம் காலி என்றே நினைத்தார். எங்கள் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. எங்களுக்குத் தோல் என்பது ஒரு பொருளே இல்லை, அது தரை, அது சுவர், அது மூச்சில் வருகிற நாற்றம். ஓர் இடத்தில் தோல் இல்லை என்றால்தான் நாங்கள் கவனிப்போம்.

பேட்டரி தீரும்வரை போட்டுக் கேட்டார்கள். போர்வைக்குள் முனகுவதுபோல் வந்தது.

"இன்னாண்ணே இது? டம்ளர்லயே இதவிட நல்லா கேட்டுச்சு."

"தோலு குடிச்சிடுச்சும்மா" என்றார் நாகபூஷணம், சாதாரணமாக.

குடித்துத்தான் இருந்தது. ஈரத்தோல் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். உப்பை வாங்கும், எண்ணெயை வாங்கும், சாயத்தை வாங்கும், தொட்டவன் கை நாற்றத்தை வாங்கும். அன்றைக்கு அதற்குக் குரல் கொடுக்கப்பட்டது, குரலை வாங்கிக்கொண்டது. புதன்கிழமை அந்த லோடைச் சட்டங்களில் இழுத்துக் கட்டி வெளியில் உலர்த்தினார்கள். வியாழக்கிழமை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அது தவறு, வியாழக்கிழமை மழை. புதன்கிழமை வெயில் உச்சிக்கு வந்து தோல் சூடேறியதும் முதல் வரிசையில் ஒரு தோல் பேசியது, அடுத்தது பேசியது, பிறகு அந்த முற்றத்தில் கட்டிக்கிடந்த எல்லாத் தோலும் சேர்ந்து பேசின. எந்த ஸ்பீக்கரும் அப்படிப் பேசியதில்லை. மெஷின் உறுமல் உறுமலாகத் தனியே ஒதுங்கி நின்றது, காற்று காற்றாக ஒதுங்கி நின்றது, தாவீது நெத்திலியா சுறாவா என்று கேட்டான், அவனுக்குப் பின்னாலிருந்து வரதராஜுலுவின் குரல், எச்சில் தெறிக்கிற சத்தம் முதற்கொண்டு, துளியும் குறையாமல் வந்தது:

"எறங்குடா. முகமூடி எதுக்கு, திருடவா போற? ரெண்டு நிமிஷ வேலை."

ரோசலின் கத்தரியைக் கீழே வைத்தாள். மேசையைச் சுற்றியிருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். வரதராஜுலு ஆபீஸ் அறையிலிருந்து வந்து முற்றத்தில் நின்று தன் குரலையே ஒருமுறை முழுக்கக் கேட்டார். "இது என் குரலே இல்ல. எனக்கு இவ்வளவு கட்டைக் குரல் கிடையாது" என்றார். பிறகு ஒரு தோலை விரலால் மடித்துப் பார்த்து, "கிரேடு குறையாதே?" என்று நாகபூஷணத்திடம் கேட்டார்.

கிரேடு குறையவில்லை. வெளிநாட்டு வியாபாரியின் ஆள் வந்து தோலைத் தடவினான், முகர்ந்தான், வெயிலில் பிடித்தான், அது பேசியதும் காதருகே வைத்துக் கேட்டான். அவனுக்குத் தமிழ் தெரியாது. சத்தம் மென்மையாக இருக்கிறது என்று சொல்லி முத்திரை போட்டுவிட்டான். தோல் ஷூவாகிக் கப்பலேறியது. தாவீதின் கேள்வி நடுத்தோலில் இருந்ததால் அதுவும் கப்பலேறியது, யாருக்கும் விளங்காத ஊர்களில் யார் காலிலோ நெத்திலியா சுறாவா என்று கேட்டுக்கொண்டு நடந்தது. ரோசலின் கையால் வெட்டித் தள்ளிய ஓரங்கள் மட்டும் குப்பையில் தங்கின. அந்த ஓரங்களில் மேனேஜர் சொன்னது மட்டும் இருந்தது.

இதற்குப் பிறகு ஊர் கொந்தளித்திருக்க வேண்டும். கொந்தளிக்கவில்லை. நடந்தது இதுதான்: உச்சி வெயிலில் ஓரங்கள் பேசினால் சாப்பாட்டு நேரம் என்று வேலையாட்கள் கையைக் கழுவப் போனார்கள். பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது, திண்டிலிருந்து குதிக்கப் பயப்படுகிறவனைப் பார்த்து "எறங்குடா, ரெண்டு நிமிஷ வேலை" என்றார்கள். டீக்கடையில் ஒருவர் கடன் சொன்னால், "முகமூடி எதுக்கு, திருடவா போற?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அப்புறம் இம்தியாஸ் பாய் ஒன்று கண்டுபிடித்தார். குப்பையிலிருந்து வந்த தோல் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒன்று வெட்டி, போனின் பின்னால் ஸ்பீக்கர் பக்கமாக ஒட்டினால், அந்தப் போன் பாடுகிற பாட்டை உட்கார்ந்து கேட்கலாம். வயலின் ஒரு பக்கம், தபலா ஒரு பக்கம், பாடுகிறவர் மூச்சு வாங்குவது நடுவில். வேலூரிலிருந்து வந்து வாங்கினார்கள், ஆம்பூரிலிருந்து வந்து வாங்கினார்கள், கல்யாண மண்டபத்துக்காரர்கள் மொத்தமாகக் கேட்டார்கள். ஒரே ஒரு குறை, போன் சூடேறினால் பாட்டுக்கு நடுவில் அந்தக் குரல் வந்துவிடும். அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டுக்கு நடுவில் விளம்பரம் வருவதில்லையா, அந்த மாதிரி என்றார்கள். எதைச் சொல்லி ஒருவனைச் சாகடித்தார்களோ, அதைச் சோப்பு விளம்பரத்தோடு சேர்த்து வைத்துவிட்டு, அது முடிவதற்குள் ஓடிப்போய் அடுப்பில் பாலை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள்.

ரோசலின் கடைக்குப் போனாள்.

"இன்னா பாய் வியாபாரம் இது?"

"கோச்சுக்காத தங்கச்சி. ஒலகத்துல எந்தக் கம்பெனி ஸ்பீக்கரும் இப்படிப் பாடாது. நடுவுல அந்தாளு பேசறத யாரும் கண்டுக்கிறதே இல்ல."

"அதத்தான் கேக்கறேன். ஏன் கண்டுக்கிறதில்ல?"

இம்தியாஸ் பாய் கையிலிருந்த திருப்புளியை இடமும் வலமும் திருப்பினார். "எனக்கு ரெண்டு பொண்ணும்மா" என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது. ஒரு ஓரத் துண்டை எடுத்துக் காகிதத்தில் மடித்து அவள் கையில் கொடுத்தார். "இத அந்த ஆபீசர்கிட்ட காட்டு. இதுக்கு மேல தெளிவு இல்ல."

அதிகாரி இரண்டாம் முறை வந்தபோது அவள் காட்டினாள். வெயிலில் ஒரு நிமிஷம் பிடித்ததும் துண்டு பேசியது. அவர் தலையாட்டினார்.

"இப்ப ரொம்பத் தெளிவா இருக்கு. ஆனா யாரு பேசறது? யாருகிட்ட பேசறது? பேரே இல்லையேம்மா. எறங்குடான்னா எதுலேர்ந்து? பஸ்லேர்ந்தா, மாடியிலேர்ந்தா?"

"உங்களுக்குத் தெரியாதா சார்?"

"எனக்குத் தெரிஞ்சு இன்னா பண்றது? அதுல இருக்கணும்."

திரும்பிப் போகிற வழியில் அவர் இம்தியாஸ் பாய் கடையில் ஜீப்பை நிறுத்தி, தன் போனுக்கும் ஒன்று ஒட்டிக்கொண்டு போனார்.

அதன் பிறகுதான் ரோசலின் நாகபூஷணத்திடம் போய் நின்றாள். வேலை நேரம், பட்டப்பகல், தீபாவளிக்கு முந்தின மாதம். டிரம்மில் கறுப்புத் தோல் ஒரு லோடு எண்ணெய் குடித்துக்கொண்டிருந்தது. அந்த லோடு உள்ளூருக்கானது. கம்பெனி தனக்கு வேண்டியவர்களுக்கு வருஷா வருஷம் ஷூவும் பெல்ட்டும் வாட்ச் வாரும் பெட்டியில் போட்டுக் கொடுக்கும். ஆபீசர்களுக்கு, கவுன்சிலருக்கு, டாக்டருக்கு, பத்திரிகைக்காரருக்கு, வாத்தியாருக்கு, பஸ் கண்டக்டருக்கு, ஆபீஸ் ஆட்களுக்கு.

"டிரம்ம நிறுத்துண்ணே."

"வேணாம்மா. என் வேலை போயிடும்."

"என் வூட்டுக்காரருக்குப் போனது வேலையா?"

நாகபூஷணம் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவிட்சைப் பார்த்தார். தொட்டியிலிருந்து தாவீதைக் கயிறு கட்டித் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். விசாரணையில் கேட்டபோது, நான் டீ குடிக்கப் போயிருந்தேன் என்று சொன்னவர்களிலும் ஒருவர். டிரம் நின்றது. கதவைத் திறந்தார். ரோசலின் ஏணியில் ஏறித் தலையையும் தோளையும் உள்ளே நுழைத்துக்கொண்டாள். எண்ணெய் நாற்றமும் சூடும் முகத்தில் அடித்தன. தாவீது செத்த அன்று அவள் அழுதிருந்தாள், புதைத்த அன்று அழுதிருந்தாள், ஆனால் கத்தியதில்லை. அவள் கத்தினால் நாலு பேர் வந்து தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். டிரம்முக்குள் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. அவள் கத்தினாள். ஒரே வரியை, அடி வயிற்றிலிருந்து, தொண்டை கிழிகிறவரை கத்தினாள். வெளியில் நின்ற நாகபூஷணத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே தோல் அவ்வளவையும் குடித்துக்கொண்டிருந்தது.

அந்த லோடு உலர்ந்தபோது பேசவில்லை. வெயிலில் கிடந்து வறண்டும் ஒரு முனகல்கூட இல்லை. விஷயம் கசிந்திருந்ததால் ஓரம் வெட்டும் மேசையில் சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "போனுக்கு இருக்கற மரியாத பொம்பளைக்கு இல்லடி" என்றாள் ஒருத்தி. வரதராஜுலு தானே வந்து ஒவ்வொரு தோலாக வெயிலில் பிடித்து, காதில் வைத்துப் பார்த்து, திருப்தியாகத் தைக்க அனுப்பினார். ஷூவானது, பெல்ட்டானது, வாட்ச் வார் ஆனது. தீபாவளிக்கு முன்பே எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. வரதராஜுலுவும் ஒரு ஜோடி எடுத்துக்கொண்டார்.

போன் தானாகப் பேசும், எதிரில் ஆள் இருக்கிறதா என்று பார்க்காது. மனிதக் குரல் அப்படியில்லை, அதற்கு எதிரில் ஒரு பேச்சு வேண்டும். இது தீபாவளி அன்று காலை டாக்டர் வீட்டில்தான் தெரிந்தது. அவருடைய போன் பாடிக்கொண்டிருந்தது, சூடேறியது, வழக்கம்போல் "எறங்குடா, முகமூடி எதுக்கு, திருடவா போற? ரெண்டு நிமிஷ வேலை" என்றது. உடனே அவர் காலில் கிடந்த புது ஷூ, ஒரு பெண்ணின் குரலில், வீடே அதிரும்படி பதில் சொன்னது:

"சொன்னது வரதராஜுலு. செத்தது தாவீது. எழுது."

விளம்பரத்துக்கு யாரும் பதில் சொல்வதில்லை. பதில் வந்த பிறகு அது விளம்பரமாக இருக்க முடியவில்லை. பேச்சாகிவிட்டது. பேச்சு என்றால் நடுவில் நிற்கிறவன் ஏதாவது ஒரு பக்கம் திரும்பியாக வேண்டும். பள்ளிவாசல் வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகளுக்கு நடுவில் ஒரு ஷூ பதில் சொன்னது. சர்ச்சில் பாதிரியார் ஜெபிக்கையில் பின் பெஞ்சில் ஒரு போன் வாயைத் திறக்க, முன் பெஞ்சில் கவுன்சிலர் இடுப்பிலிருந்த பெல்ட் பதில் சொன்னது. ஜவுளிக்கடையில் சொன்னது, சினிமாத் தியேட்டரில் சொன்னது, பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறவர் வாட்ச் சொன்னது. முதலில் ஜனங்கள் ஷூவைத்தான் கழற்றி எறிந்தார்கள். எறிந்த இடத்தில் கிடந்து அது சொன்னது. பிறகு போனின் பின்னாலிருந்த துண்டைப் பிய்க்கப் பார்த்தார்கள். ஆனால் பாட்டு அவ்வளவு நன்றாக இருந்தது, பிய்க்க மனம் வரவில்லை. தீபாவளி லீவு முடிந்து பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போனும் வாத்தியார் பெல்ட்டும் பேசிக்கொண்டபோது, எழுது என்ற சொல்லைக் கேட்ட பிள்ளைகள் எழுதிவிட்டார்கள். சொன்னால் எழுதித்தானே அவர்களுக்குப் பழக்கம். அன்று சாயங்காலம் ஊரில் பாதி வீட்டில் கோடு போட்ட நோட்டில் வரதராஜுலு பெயரும் தாவீது பெயரும் இருந்தன. மறுநாள் சுவரில் கரியால் இருந்தது. அதற்கு மறுநாள் டேனரி கேட்டில் சாக்பீஸால் இருந்தது. அழித்தார்கள், மறுபடி இருந்தது. எழுதியவர்களில் பாதிப்பேர் பயந்தே எழுதினார்கள். சத்தம் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதினார்கள். பரவாயில்லை.

மூன்றாம் முறை அதிகாரி வந்தது கேஸை முடித்து வைக்க. டேனரி ஆபீஸில் மேசை போட்டிருந்தது. குடித்துவிட்டுத் தானாக விழுந்தான் என்று டைப் அடித்த காகிதம் மேசைமேல் இருந்தது. ரோசலின் கையெழுத்துப் போட்டால் போதும். வரதராஜுலு வெறுங்காலோடு ஓரமாக நின்றிருந்தார். நாகபூஷணம் கதவுக்கு வெளியே நின்றிருந்தார், அவருக்குப் பின்னால் ஓரம் வெட்டும் பிரிவு முழுக்க வந்து நின்றிருந்தது. அதிகாரி கம்பெனி கொடுத்த புது ஷூவையும் பெல்ட்டையும் வாட்ச் வாரையும் அன்றுதான் முதல்முறையாகப் போட்டிருந்தார். அவர் வெளியூர், அவருக்கு இன்னும் தெரியாது. போனை ஜன்னல் திட்டில் வெயில் படுகிற இடத்தில் வைத்தார்.

"போட்டுடும்மா. உனக்கும் அலைச்சல் மிச்சம்."

ஜன்னல் திட்டில் இருந்த போன், "எறங்குடா" என்று ஆரம்பித்தது.

"சார், அது விளம்பரம்" என்றார் வரதராஜுலு அவசரமாக.

ரெண்டு நிமிஷ வேலை என்று போன் முடித்ததும், அதிகாரியின் காலிலிருந்து பதில் கிளம்பியது. "சொன்னது வரதராஜுலு. செத்தது தாவீது. எழுது." அவர் துள்ளி எழுந்தார். ஷூவைக் கழற்றினார், அது மேசைக்கடியில் கிடந்து சொன்னது. நிமிர்ந்தபோது இடுப்பிலிருந்து பெல்ட் சொன்னது. பெல்ட்டை உருவினால் பேன்ட் நிற்காது, ஆகவே இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டார். பொத்திய கையில் வாட்ச் வார் சொன்னது. வெயில் ஜன்னலிலிருந்து நகரவில்லை. போன் மறுபடி கேட்டது, மறுபடி பதில் வந்தது. யார் குரல், யாரிடம் சொன்னது, பெயர் எங்கே என்று அவர் கேட்டதற்கெல்லாம் அவர் உடம்பைச் சுற்றியிருந்ததே பதில் சொன்னது.

"நிறுத்தச் சொல்லும்மா!"

"நான் சொன்னா நிக்காது சார். நீங்க எழுதினாத்தான்."

அவர் வரதராஜுலுவைப் பார்த்தார். வரதராஜுலு நாகபூஷணத்தைப் பார்த்தார். "நீ சொல்லுய்யா, விசாரணையில சொன்னதையே சொல்லு, அப்படி யாராவது சொன்னாங்களா?"

நாகபூஷணம் கதவைத் தாண்டி உள்ளே வந்தார். "நான் டீ குடிக்கப் போவல சார்" என்றார். "அங்கதான் இருந்தேன். முகமூடி கேட்டான். இவர்தான் திருடவா போறன்னு கேட்டாரு. நாங்க சிரிச்சோம்."

அதிகாரி உட்கார்ந்தார். டைப் அடித்த காகிதத்தைத் தள்ளிவைத்து, வெள்ளைக் காகிதம் கேட்டு வாங்கி, எழுதினார். சொன்னது யார், இறங்கியது யார், எதில், முகமூடி கேட்டது, கொடுக்காதது. எழுதி முடித்துக் கீழே கோடு போட்டபோது ஷூ அடங்கியிருந்தது, பெல்ட் அடங்கியிருந்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எழுதியதைச் சத்தமாகப் படித்துக்காட்டி, பேனாவை அவளிடம் நீட்டினார்.

ரோசலின் பேனாவை வாங்கவில்லை.

"முதல் வரிய விட்டுட்டீங்க சார்."

"எது?"

"நெத்திலியா சுறாவான்னு கேட்டாரு. அதுதான் முதல்ல வரும்."

"அது கேஸுக்குத் தேவையில்லாததும்மா."

"கேட்டுட்டு எறங்கினாரு சார். பதில் வாங்காம செத்தாரு" என்றாள் ரோசலின். அவள் குரல் உயரவில்லை. டிரம்மில் கத்திய நாளிலிருந்து அது உடைந்துதான் இருந்தது. "எழுதுங்க."

அதிகாரி ஜன்னல் திட்டிலிருந்த போனைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், பிறகு காகிதத்தை இழுத்து, மேலே விட்டிருந்த இடத்தில் அதை எழுதினார்.